பேசுது

என் நாட்குறிப்புகளில் "பேசுது" என்ற சொல் பதினான்கு இடங்களில் வருகிறது. பதினான்கு முறையும் அதைச் சொன்னவர் ஒருவரே. எங்கள் வலப்பக்கத்து வீட்டில் ஆறு வருடம் குடியிருந்த டீச்சர். சென்ற மாதம் அவற்றைத் தேதிவாரியாக ஒரு தாளில் எடுத்தெழுதினேன். எட்டு இடங்களில் அந்தச் சொல்லுக்கு நல்லது என்று பொருள் வருகிறது. ஐந்து இடங்களில் கெட்டது. ஓர் இடத்தில் எந்தப் பொருளும் வரவில்லை. நான் குடவாசலில் தாலுகா அலுவலகப் பதிவேட்டு அறையில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறேன். ஒரே சர்வே எண்ணை இரண்டு பேர் தங்களுடையது என்று கொண்டு வந்தால், பழைய அடங்கல் பதிவேட்டைப் புரட்டி மாலைக்குள் ஒரு முடிவு சொல்லிவிடுவேன். இந்த ஒரு சொல்லில் இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை.

டீச்சர் என்பது தெரு வைத்த பெயர். அவர் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவர் அல்ல. தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவர். நைட்டிக்கு மேல் ஒரு முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, இதுதான் அவருடைய வீட்டு உடை. "பொம்பள வாத்தியாருன்னா அடிக்க மாட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டு வருவானுங்க சார். மொத நாளே கிளட்ச்சக் கழட்டிக் கையில குடுப்பேன். அடியே தேவலாம்னு ஆயிடும்" என்பார்.

எதையும் தட்டிப் பார்க்காமல் நம்பமாட்டார். வலது கையின் நடுவிரலை மடக்கி, விரல் முட்டியால் இரண்டு தட்டு. தலையைச் சாய்த்து ஒரு கணம் நிற்பார். பிறகு "பேசுது" என்பார், அல்லது ஒன்றும் சொல்லாமல் அடுத்ததற்குப் போவார்.

கடைவீதியில் ஒருமுறை அவர் தேங்காய் வாங்கும்போது நானும் நின்றிருந்தேன். பத்துப் பன்னிரண்டு காய்களைத் தட்டி ஒதுக்கிவிட்டார்.

"டீச்சர், தேங்கா வாங்குறீங்களா, வீட்டுக் கதவத் தட்டுறீங்களா?" என்றார் கடைக்காரர்.

"பேசுற காயா ரெண்டு எடுத்துக்கிறேன். பேசாதத ஒங்க மச்சானுக்கு எடுத்து வைங்க."

ஆகவே பேசுவது நல்லது என்று அன்று எழுதிவைத்தேன். ஐந்து வாரம் கழித்து எரிவாயு உருளை கொண்டுவந்த ஆளை வாசலிலேயே நிறுத்தி, உருளையைத் தட்டி, "பேசுது. எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். அந்த ஆள் சத்தியம் செய்தான். தராசில் தொங்கவிட்டபோது இரண்டு கிலோ குறைந்தது. மன்னார்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, மண்டபத்துத் தூண் ஒன்றைத் தட்டி, பேசுது என்று சொல்லி, எங்களை நான்கு வரிசை தள்ளி உட்காரவைத்தார். அன்று தூண் விழவில்லை. இதுவரையும் விழவில்லை. அதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தெரியாமல் தனியாக வைத்திருக்கிறேன்.

அவரிடமே கேட்டேன். "டீச்சர், பேசுதுன்னா நல்லதா கெட்டதா?"

"எது சார்?"

"பொதுவா."

"பொதுவா ஒண்ணும் பேசாது சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

என் மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டிய நிலை வந்தது அதற்கு அடுத்த வருடம். அருகில் எங்கும் இடம் காலியில்லை. தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் செவ்வாய், வியாழன், சனி கிடைத்தது. காலை ஏழு மணிக்குப் படுக்கையில் இருக்க வேண்டும் என்பதால் ஐந்து மணிக்கெல்லாம் கிளம்புவோம். ஊசி ஏற்றுவதற்காக அவள் இடது முன்கையில் இரத்தக் குழாய்கள் இரண்டை ஒன்றாகச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். தினமும் காலையில் அந்த இடத்தில் விரல் வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். உள்ளே வண்டு பறப்பதுபோல ஓர் அதிர்வு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உடனே வர வேண்டும்.

பொங்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை அந்த அதிர்வு தெரியவில்லை என்று அவள் அழுதாள். நான் வைத்துப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. டீச்சரைக் கூப்பிட்டேன். அவர் தட்டவில்லை. இரண்டு விரலை மெல்ல வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் எடுத்துக்கொண்டதுபோல் இருந்தது. என் கடிகாரத்தில் அது நாற்பது விநாடி.

"பேசுது" என்றார். "நல்லாவே பேசுது. எழுந்திரிச்சு இட்லி சாப்பிடுங்க."

அந்த வாரம் முழுவதும் அந்தச் சொல் என் காதில் இருந்தது. பின்னால் நடந்ததற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் கார் அப்போது பதினெட்டு வயதான கார். ஒவ்வொரு அறுவடையிலும் சாலையில் பரப்பிய வைக்கோலின் மேல் ஓடி, ஈரமும் சேறும் சேர்ந்து அடியில் சிக்கி, மாதக்கணக்கில் காயாமல் இருந்திருக்கிறது. வேளாங்கண்ணிக்குப் போய் வந்த கடற்காற்றும் சேர்ந்திருக்கும். கும்பகோணத்து மெக்கானிக் அடியில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "துரு தளத்துக்கு ஏறுது சார். ஒரு வாரம் வண்டிய விடுங்க" என்றார். ஒரு வாரம் விட எங்களிடம் நாள் இல்லை. வாடகை வண்டி ஒருமுறை சொன்ன நேரத்துக்கு வரவில்லை. பேருந்தில் போன ஒரே நாளில் திரும்பும்போது அவள் மயங்கி விழுந்தாள். சனிக்கிழமை மாலையிலிருந்து செவ்வாய்க்கிழமை காலை வரைதான் கார் தொடர்ந்து சும்மா நிற்கும்.

"அந்த ரெண்டு நாள் போதும். வீட்டுலயே தூக்கிச் சுரண்டிடலாம்" என்றார் டீச்சர். அவரிடம் சக்கரம் வைத்த ஹைட்ராலிக் ஜாக்கி ஒன்றும், காரை நிறுத்திவைக்கும் இரும்பு ஸ்டாண்டுகள் இரண்டும் இருந்தன.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு பத்துக்கு எங்கள் வீட்டுப் பக்கவாட்டுச் சிமெண்டுத் தளத்தில் வேலையைத் தொடங்கினோம். மனைவி வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் கை பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினேன்.

"எதுக்கு சார் அது?"

"வண்டி ஓடாம இருக்க."

"ஹேண்ட்பிரேக் எந்தச் சக்கரத்தப் பிடிக்கும்?"

"பின்சக்கரத்த."

"இப்ப நாம எதைத் தூக்கப் போறோம்?"

"பின்சக்கரத்த."

"அப்ப ஆகாயத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்குமா?"

வாசற்படியில் என் மனைவி சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்து நான் எழுதிவைத்த ஒரே நாள் அது. காரை முதல் கியரில் போட்டு, முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னுமாக நான்கு கட்டை வைத்தோம். பிறகு டீச்சர் அடிப்பக்கத்தைச் சிறு சுத்தியலால் நெடுகத் தட்டிக்கொண்டு போனார். இடப்பக்கம் பின்கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பில் மட்டும் சத்தம் துணியில் அடித்ததுபோல வந்தது. "இங்க ஊமையாயிடுச்சு. இதுல ஜாக்கி குடுக்கக் கூடாது, உள்ள போயிடும். பின் அச்சுல குடுப்போம்" என்றார். ஸ்பேர் சக்கரத்தை எடுத்து அந்த விளிம்புக்கு நேர் கீழே படுக்கவைத்தார். எதற்கு என்றேன்.

"ஜாக்கி தூக்குறதுக்கு. ஸ்டாண்டு தாங்குறதுக்கு. இது, ரெண்டும் ஏமாத்துனா நாம கும்புடறதுக்கு."

கடைசியாக ஸ்டாண்டு வைக்கப் போகும் தரையைக் கடப்பாரையின் அடியால் தட்டினார். வலப்பக்கம் தட்டிவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இடப்பக்கம் தட்டி, "பேசுது" என்றார். அப்போது அவருடைய மகளிடமிருந்து போன் வந்தது. "ஜாக்கிய மட்டும் ஏத்தி வைங்க. தோ வர்றேன்" என்று வாசல் கேட் பக்கம் போய்விட்டார். நான் ஜாக்கியை ஏற்றினேன். நேரம் மிச்சமாகுமே என்று இரண்டு ஸ்டாண்டையும் அவர் தட்டிய இடங்களிலேயே வைத்து, காரை மெல்ல அவற்றின் மேல் இறக்கினேன். பேசும் பக்கத்தைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. பேசாத வலப்பக்கத்தைத்தான் இரண்டு முறை குனிந்து பார்த்தேன்.

அவர் திரும்பி வந்து, "கட்டை போட்டுட்டீங்கல்ல?" என்றார்.

"போட்டாச்சு டீச்சர்." நான் சக்கரத்துக் கட்டையைச் சொன்னேன். அவர் கேட்டது ஸ்டாண்டுக்குக் கீழே போட வேண்டிய பலகைக் கட்டையை.

யூரியா சாக்கை விரித்து அடியில் போகத் தயாரானவர், சாக்கை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். "உலுக்காம போகக் கூடாது. வாங்க, ரெண்டு பேரும் இடுப்பால இடிப்போம்." முதல் இடிக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதுக்கும் இல்லை. மூன்றாவது இடிக்கு அப்பளம் நொறுங்குவதுபோல ஒரு சத்தம் கேட்டது. இடப்பக்க ஸ்டாண்டு தளத்தை உடைத்துக்கொண்டு ஒரு சாண் இறங்கியது. கார் இடப்பக்கம் சாய்ந்து, ஸ்பேர் சக்கரத்தின் மேல் போய் உட்கார்ந்தது. செம்பழுப்பாகத் துரு பொலபொலவென்று சாக்கின் மேல் கொட்டியது. டீச்சர் படுத்திருக்க வேண்டிய சாக்கு அது.

மனைவி என் பெயரைச் சொல்லிக் கத்தினாள். டீச்சர் காரின் பின்பக்கத்தில் வைத்த கையை எடுக்கவில்லை.

"பேசுதுன்னு சொன்னேன்ல சார்?"

"நல்லதுன்னு நெனச்சேன்."

"தரை பேசுனா நல்லதா?"

"அவ கையில பேசுனப்ப நல்லதுன்னு சொன்னீங்க."

அவர் குனிந்து உடைப்பைப் பார்த்தார். "இங்க கெணறு எதாவது இருந்துச்சா?" என்றார்.

இல்லை என்று உறுதியாகச் சொன்னேன். பதினோரு வருடத்துக்கு முன் நான் பார்த்துப் பார்த்து வாங்கிய வீடு. அவர் கடப்பாரையை உடைப்பில் விட்டார். மூன்றடி இறங்கியது. நான் உள்ளே போய்ப் பத்திரத்தை எடுத்துவந்தேன். சொத்து விவரத்தில் 'மேற்படி மனையில் உள்ள வீடு, கேணி, மரம் மட்டை, கதவு ஜன்னல், நடைபாதை பாத்தியம் உட்பட' என்று இருந்தது. எல்லாப் பத்திரங்களிலும் வழக்கமாக வரும் வாசகம் அது. ஆயிரக்கணக்கில் படித்திருக்கிறேன். கேணி என்றால் கேணி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. யாரோ அதைக் குப்பை போட்டு நிரப்பி மேலே சிமெண்டு பூசியிருக்கிறார்கள்.

"பத்திரம் நல்லாத்தான் பேசியிருக்கு" என்றார் டீச்சர்.

"செவ்வாக்கெழம எப்படிப் போறது?" என்று என் மனைவி கேட்டாள். அவள் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. சாய்ந்து கிடந்த காரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கேள்விக்குப் பிறகு டீச்சர் வேகமானார். ஒரு நீளப் பலகையை உடையாத தரையில் குறுக்கே போட்டு, அதன் மேல் ஜாக்கியை வைத்து, காரைத் தூக்கி, ஸ்டாண்டுகளை விடுவித்து, சக்கரத்தில் இறக்கினார். இடப்பக்கத்து ஊமை விளிம்பில் இப்போது என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. மட்டமாகவும் கெட்டியாகவும் இருந்த தரை எங்கள் தெருவின் கான்கிரீட் சாலை ஒன்றுதான். அதன் மேல் எதிர்வீட்டுக் கலியபெருமாள் நெல் காயப்போட்டிருந்தார்.

"முடியாது டீச்சரு. ஈரப்பதம் இருந்தா கொள்முதல்ல திருப்பி அனுப்பிடுவாங்க. ஒங்க வண்டிக்குத் துரு புடிச்சா என் நெல்லு என்ன பண்ணும்?"

"பாதி ரோட்ட விடுங்க. பாதியில காயட்டும்."

"சுரண்டுற துருவெல்லாம் பறந்து நெல்லுல விழுவும். அப்புறம் இரும்புச் சத்து அரிசின்னு விக்கவா?"

டீச்சர் வாதாடவில்லை. என் மனைவி இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். கலியபெருமாளும் பார்த்தார். "செவ்வாக்கெழமையா?" என்றார். பிறகு பலகையை எடுத்து நெல்லைத் தள்ள ஆரம்பித்தார். நடுவில் கட்டுவதற்குத் தன் படுதாவையும் அவரே கொண்டுவந்தார்.

ஞாயிறு பொழுது சாயும்வரை டீச்சர் கண்ணாடி மாட்டிக்கொண்டு கம்பி பிரஷால் சுரண்டினார். நான் இடையில் பூச்சு வாளியை எடுத்தபோது தடுத்தார். "வெள்ளையா இரும்பு தெரியிற வரைக்கும் சுரண்டணும். துரு மேல பூசுனா அது பெயிண்ட் இல்ல, போர்வை." மாலையில் துருவை மாற்றும் மருந்தைத் தடவி, காரைச் சக்கரத்தில் இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். ஆள் இல்லாத நேரத்தில் ஸ்டாண்டில் விடமாட்டார். திங்கட்கிழமை மீண்டும் தூக்கி, மீண்டும் உலுக்கி, பிரைமரும் அதற்கு மேல் கறுப்புப் பூச்சும் அடித்தார். தண்ணீர் வடியும் சிறு துளைகள் அடைபடாமல் இருக்க ஒவ்வொன்றிலும் ஒரு தீக்குச்சியைச் செருகி, பூசி முடித்ததும் எண்ணி எடுத்தார். ஒன்பது. ஓட்டையைக் காட்டி, "இங்க தகடு வெட்டி வெல்டு வைக்கணும். அது வீட்டு வேலை இல்ல. அதுவரைக்கும் ஓடும்" என்றார்.

"கண்டிப்பா ஓடுமா?"

"ஓடும்னு சொன்னேன் சார்."

செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு நான் கதவைத் திறந்தபோது அவர் கார் அருகில் பையோடு நின்றிருந்தார். புடவை கட்டியிருந்தார். "நானும் வர்றேன்" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. என் மனைவி எப்போதும் பின்னிருக்கையில் இடப்பக்கம்தான் உட்காருவாள். அன்று டீச்சர் அவளை என் முதுகுப்பக்கம் ஏறச் சொல்லிவிட்டு, சுற்றி வந்து இடப்பக்கம் தான் ஏறிக்கொண்டார். அந்த ஓட்டையின் நேர் மேலே.

வியாழக்கிழமையும் வந்தார். சனிக்கிழமையும் வந்தார். இருபத்தெட்டு முறை வந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் அதே இடம். வலங்கைமானைத் தாண்டியபோதுதான், முதல் நாளே, அது எனக்கு உறைத்தது. அப்போதிலிருந்து குழம்பிக்கொண்டிருக்கிறேன். தான் செய்த வேலையில் நம்பிக்கை இருந்ததால் அதன் மேல் உட்கார்ந்தாரா? நம்பிக்கை இல்லாததால் என் மனைவியை அதன் மேல் உட்காரவிடவில்லையா? ஒரே செயல். எதிரெதிரான இரண்டு காரணம். இரண்டும் அவருக்குப் பொருந்தும்.

பங்குனியில் மனைவியை நான்கு நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, காரைக் கும்பகோணத்தில் விட்டுத் தகடு மாற்றினேன். அதற்குப் பிறகு டீச்சர் எங்களோடு வரவில்லை. இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம். ஆனால் அதே வாரத்தில்தான் அவருடைய மகளுக்குப் பிரசவம் நெருங்கி, வீட்டைக் காலிசெய்துகொண்டு ஓசூருக்குப் போனார். வேனில் சாமான் ஏற்றும்போது கேட்க நினைத்தேன். அவர் பீரோவைத் தட்டிக்கொண்டிருந்தார். கேட்கவில்லை. ஓராண்டுக்குப் பின் அவருடைய எண் மாறிவிட்டது.

சென்ற வாரம் இதை எழுத உட்கார்ந்தபோது மனைவியிடம் கேட்டேன். அவள் இப்போதும் வாரம் மூன்று நாள் போய்வருகிறாள்.

"டீச்சர் ஏன் எப்பவும் அந்தப் பக்கமே உக்காந்தாங்க?"

"அந்தப் பக்கந்தான் வாய்க்கா தெரியும்" என்றாள், யோசிக்கவே இல்லாமல்.

போகிற வழியில் நான்கைந்து கிலோமீட்டர் ஒரு வாய்க்கால் இடப்பக்கம் கூடவே வரும். அது உண்மைதான். "வரும்போது வாய்க்கால் வலப்பக்கமாச்சே" என்றேன்.

"வரும்போது வாய்க்கால யாரு பாத்தா? கதவச் சாத்துன ஒடனே நான் அவங்க தோள்ல சாஞ்சுடுவேன். குடவாசல் வர்ற வரைக்கும் அசைய மாட்டாங்க."

நான் நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தேன். "தை கடைசியிலயே தண்ணிய நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறமும் ஒண்ணர மாசம் அதே பக்கந்தான் உக்காந்திருக்காங்க. காஞ்ச வாய்க்கால்ல பாக்கறதுக்கு என்ன இருக்கு?"

"பாத்துக்கிட்டுத்தான் வந்தாங்க" என்றாள். "நீங்க ரோட்டப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."